ஒரு விரல் உயரம்

செபநாயகத்தாருக்கு முழங்கால் வலி குறைந்த பிறகுதான் சந்தேகம் தொடங்கியது.

வேறு ஆட்களுக்கு வலி குறைந்தால் கோயிலில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். இவர் அந்த வகை இல்லை. குருநகரில் பிறந்து, கடலில் நாற்பது வருடம் தொழில் செய்து, இப்போது மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருக்கிற அறுபத்துநாலு வயது மனிதர். மூடிய பெட்டியைக் கொடுத்தால் திறந்து பார்ப்பார்; திறந்து கொடுத்தால் அடியில் கைவிட்டுப் பார்ப்பார். எஞ்சின் பழுதாகிற நாளைவிட அது சத்தமில்லாமல் நன்றாக ஓடுகிற நாளில்தான் அவருக்குப் பயம் கூட. அப்படிப்பட்டவருக்கு, சைக்கிள் உழக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நறுக்கென்று குத்துகிற வலது முழங்கால் ஒரு மாதமாகக் குத்தவில்லை என்றால் மனம் எப்படி ஆறும்?

அது சாதாரணச் சைக்கிள் இல்லை, பற்றறிச் சைக்கிள். அப்பாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, நோர்வேயில் இருக்கிற மகள் ஜெனிற்றா கொழும்பில் சொல்லி அனுப்புவித்தது. காலால் உழக்கினால் மோட்டரும் சேர்ந்து தள்ளும். கைபிடிக்கு நடுவில் ஒரு சின்னத் திரை. பற்றறி எவ்வளவு மிச்சம் என்று ஐந்து கோடு காட்டும், ஓடிய கிலோமீற்றரையும் காட்டும். அது வந்த பிறகுதான் மனிதர் காலைப் பூசைக்கும் சந்தைக்கும் ஒருவரையும் கெஞ்சாமல் போய்வந்தார். வந்த முதல் நாளே அவர் அதை விரலால் அளந்துவிட்டார். வலை பொத்துகிறவர்கள் எதையும் விரலால்தான் அளப்பார்கள். வலைக்கண் இத்தனை விரல் என்றால் இத்தனை விரல்தான், அடிமட்டம் தேவையில்லை. தன் கால் வசதிக்குச் சீற்றை உயர்த்தி, அந்த இடத்தில் சீற்றுக் குழாயைச் சுற்றி வள்ளத்துக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடும் போட்டு வைத்தார். இனி யார் தொட்டாலும் தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

இப்போது குனிந்து பார்த்தார். வெள்ளைக் கோடு குழாயின் பூட்டுக்கு மேலே நின்றது. சுட்டுவிரலை வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு விரல்.

சீற் உயர்ந்திருக்கிறது. அப்படியென்றால் தன்னைவிட உயரமான ஒருத்தன் சைக்கிளை எடுக்கிறான்.

நேரே கிறிஸ்ரோபரின் சைக்கிள் திருத்துகிற கடைக்குப் போனார். போன மாதம் பெடல் மாற்றியவன் அவன்தான். 'பழைய இரும்புப் பெடலிலை பல்லு, உங்கடை செருப்பெல்லாம் கிழியுது' என்று சொல்லி மனைவி சின்னத்தங்கம்தான் சைக்கிளை அவனிடம் கொடுத்து மாற்றுவித்தாள்.

"என்ன அண்ணை, காத்துப் போச்சுதோ?"

"காத்து நிக்குது. நீ உதிலை என்ன செய்தனீ?"

"பெடல் மாத்தினனான். நல்ல அகலமான பெடல், பாதம் முழுக்க வைக்கலாம். மழைக்கும் வழுக்காது."

"பெடல் மட்டுமோ?"

"ஓம் ஓம்" என்றான் கிறிஸ்ரோபர். இரண்டு தரம் ஓம் போடுகிறவனைச் செபநாயகத்தார் சீவியத்தில் நம்பியதில்லை. அதற்குமேல், காற்று நிற்கிற ரயருக்கே அவன் பம்மை எடுத்துப் பூட்டி அடிக்கத் தொடங்கினான். ஏதோ இருக்கிறது, ஆனால் இவன் வாயால் வராது என்று தெரிந்துகொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வியாழக்கிழமைகளில் அவர் காலையிலேயே மீனவர் சங்கக் கட்டடத்துக்கு நடந்து போய்விடுவார்; சங்கத்து வலைகள் பொத்துகிற நாள் அது, வீடு திரும்ப மூன்று மணியாகும். அந்த வாரம் போகும்போது கிலோமீற்றரைப் பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் இருபத்தொன்று கூடியிருந்தது. பற்றறியில் ஐந்து கோடு இருந்த இடத்தில் மூன்று. புதிய பெடலின் இடுக்குகளில் செம்மண். குருநகரில் எங்கே தோண்டினாலும் மணலும் சிப்பியும்தான், செம்மண்ணுக்கு ஊர் தாண்டிப் போகவேண்டும்.

"இஞ்சை ஆர் சைக்கிளை எடுத்தது?" என்று குசினியைப் பார்த்துக் கேட்டார்.

"ஆர் எடுக்கிறது? உங்களுக்கு வெயில் தலையிலை ஏறிப்போச்சு. இந்தாங்கோ, இதரை வாழைப்பழம் வாங்கினனான், சாப்பிடுங்கோ" என்றாள் சின்னத்தங்கம். அவளுடைய கணுக்காலுக்கு மேலே பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. கிணற்றுக்கட்டில் இடித்துப்போட்டது என்று போன மாதமே சொல்லியிருந்தாள். அவர் பழத்தைத் தின்றபடி வேறு பக்கம் யோசித்தார்.

அந்த வீட்டில் அவரைவிட உயரமானவன் ஒருவன்தான். மகன் எமில்ராஜ். ஆறடி. ஐஸ் கொம்பனியில் வேலை, வியாழக்கிழமை லீவு.

சைக்கிள் தேய்ந்தால் தேயட்டும், அது பெரிய விஷயமில்லை. கடற்கரையில் பொதி பொதியாகக் கஞ்சா பிடிபடுகிற காலம். இறக்குகிறவர்கள் ஒரு பக்கம், அதைச் சின்னச் சின்னதாக உள்ளூருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். சத்தமில்லாத பற்றறிச் சைக்கிளில், கிழவன் ஒருவனின் சைக்கிளில் போனால் யார் மறிக்கப்போகிறார்கள்? அடுத்த ஒழுங்கைப் பொடியனை மாசியில் பிடித்தார்கள். அவனுடைய தகப்பன் இப்போது கிழமைக்கு ஒருதரம் சோற்றுப் பார்சலோடு மறியற்சாலை வாசலில் நிற்கிறார். அந்த வரிசையில் செபநாயகத்தார் தன்னையும் நிறுத்திப் பார்த்தார். ஒரேயொரு பொடியன்.

பயந்த மனிதன் மெதுவாகக் கேட்டிருக்கலாம். இவருக்கு மெதுவாகக் கேட்டுப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், மகன் சோற்றில் கைவைத்த நேரம் பார்த்துத் தொடங்கினார்.

"எடேய், வியாழக்கிழமையிலை என்ரை சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கை போறனீ?"

எமில்ராஜ் நிமிர்ந்தான். முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தாயைப் பார்த்தான். சின்னத்தங்கம் கறிச் சட்டியைப் பிடித்தபடி நின்றாள், முகத்தில் இரத்தமில்லை. வாய் திறக்கப்போனாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஓம் அப்பா. நான்தான் எடுத்தனான்."

"எங்கை போனனீ?"

அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"இருவத்தொரு கிலோமீற்றர். செம்மண். ஆருக்கடா கொண்டுபோய்க் குடுக்கிறாய்? தூள்காரனுக்கு இந்த வீட்டிலை சோறு இல்லை, கண்டியோ!"

எமில்ராஜ் கையைக் கழுவினான். பையில் இரண்டு உடுப்பை வைத்துக்கொண்டு, ஐஸ் கொம்பனி ஆட்களோடு தங்குகிறேன் என்று தாயிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டினான். சின்னத்தங்கம் புருசனைப் பார்த்து, "உங்கடை சந்தேகத்தாலை இந்த வீட்டுக்கு எத்தினை பேர் வராமல் போச்சினம்" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கதைக்கவில்லை.

மூன்று நாள் அவர் சைக்கிளைத் தொடவில்லை. நாலாம் நாள், சரி, போனது போகட்டும், நம்முடைய சாமானை நம்முடைய அளவுக்குக் கொண்டுவருவோம் என்று பூட்டைத் தளர்த்திச் சீற்றை வெள்ளைக் கோட்டுக்கு இறக்கினார். ஏறி உழக்கினார். கால் நீளவே இல்லை. சின்னப்பிள்ளைகளின் சைக்கிளில் ஏறினது மாதிரித் தொடை மடங்கி மடங்கி வந்தது. தேவாலயச் சந்திவரை போய் இறங்கி நின்று யோசித்தார். உயரமானவனுக்காக உயர்த்தின சீற் என்றால், பழைய அளவுக்கு இறக்கினால் தனக்குச் சரியாக இருக்கவேண்டும். இருக்கவில்லையே? ஒரு விரல் உயரத்தில் இருந்தபோதுதான் கால் சுகமாக இருந்தது.

அதிலேயே வீதியோரம் குந்தினார். பெடலிலிருந்து நடு அச்சுவரை போகிற கிராங்கில் விரலை அடுக்கி வைத்தார். வந்த நாளில் அளந்தபோது ஒன்பது விரலும் கொஞ்சமும். இப்போது எட்டு விரலும் கொஞ்சமும். மறுபக்கமும் அளந்தார். அங்கும் எட்டு. கிராங்கின் உட்பக்கம் நூற்றைம்பத்திரண்டு என்று ஓர் எண் அடித்திருந்தது. பழையதில் நூற்றெழுபது என்று இருந்ததை அவர் கண்ணால் கண்டவர்.

"உதென்ன கிறிஸ்ரோபர்?" என்று கடை வாசலிலேயே சைக்கிளை நிறுத்திக் கேட்டார். "கிராங்கையும் கட்டையாக்கிப்போட்டுப் பெடல் மட்டும் எண்டனீ."

கிறிஸ்ரோபர் தலையைச் சொறிந்தான். "உங்களுக்கு அது நல்லம்தானே அண்ணை. கிராங் கட்டையெண்டால் கால் சுத்துற வட்டம் சின்னன். முழங்கால் மேலை வந்து மடங்கிறது குறையும். சாதாரணச் சைக்கிளெண்டால் உழக்கிறது பாரமாய் இருக்கும், இதுக்கு மோட்டர் தள்ளுது, பிழையில்லை. என்ன, கிராங் குறையிற அளவுக்குச் சீற்றை உயர்த்தோணும். இல்லாட்டிக் கால் நீளாது."

"அப்ப இந்த ஒரு விரல்..."

"உங்களுக்காகத்தான் உயர்த்தினது. 'அவர் ஓடேக்கை கால் நோகக்கூடாது' எண்டு கண்டிப்பாய்ச் சொல்லி..." என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

செபநாயகத்தார் அவனை விடவில்லை. ஆனால் இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. "ஒண்டு மட்டும் சொல்லு. ஆறடி ஆள் ஒருத்தன் தன்ரை பாவிப்புக்குக் கட்டைக் கிராங் போடுவிப்பானோ?"

"விசரே அண்ணை? அவங்களுக்கு நூற்றெழுவதே காணாது. கட்டைக் கிராங், கால் கட்டையான ஆக்களுக்குத்தான். நீளக் கிராங் அவையின்ரை முழங்காலைக் கொண்டுவந்து வயித்திலை இடிக்கும். பல்லுப் பெடலெண்டால் வழுக்கிக் காலையும் கிழிக்கும்."

காலையும் கிழிக்கும். கணுக்காலுக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்ரர் அவர் கண்முன் வந்தது. கிணற்றுக்கட்டு நெஞ்சளவு உயரம், அதில் கணுக்கால் எப்படி இடிபடும் என்று ஒரு மாதமாக அவர் கேட்கவில்லை. ஊரெல்லாம் சந்தேகப்பட்டவர் வீட்டுக்குள் சந்தேகப்பட மறந்துபோனார். சின்னத்தங்கம் அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டாள். அறுபத்தொரு வயது. "அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"தெரியாதுதான்" என்றான் கிறிஸ்ரோபர், இனி மறைத்து என்ன என்று. "இந்த மதிலுக்குப் பின்னாலைதான் பழகினவ. ரெண்டு தரம் விழுந்தவ. முதல் ஒரு நூற்றறுவத்தஞ்சு போட்டுப் பாத்தம், சரிவரேல்லை. பிறகுதான் உது. அக்காட்டை நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

எங்கே போகிறாள் என்று அவர் அவனைக் கேட்கவில்லை. போகப் பத்தரைக் கிலோமீற்றர், வரப் பத்தரை. செம்மண். வியாழன் தோறும் வீட்டுக்கு வருகிற இதரைப் பழம். நீர்வேலி. சின்னத்தங்கத்தின் தங்கச்சி பிலோமினா, இளையதம்பி என்கிற வாழைத் தோட்டக்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போன ஊர்.

பிலோமினா இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடம். கடைசியாக வந்தது ஜெனிற்றாவின் கலியாணத்தன்று. பெண்ணுக்குப் போடவேண்டிய சங்கிலியைக் காணவில்லை. பெண்ணை உடுப்பித்துக்கொண்டு அறைக்குள் நின்றவள் பிலோமினா. செபநாயகத்தார் சபைக்கு நடுவில் நின்று, "உவளின்ரை பையைப் பாருங்கோ" என்றார். அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். சீப்பும் கைலேஞ்சியும் ஊசியும் விழுந்தன. பொறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, பூசைக்கும் நிற்காமல் போனாள். அதற்குப் பிறகும் அவர், வேறெங்கேயாவது ஒளித்திருப்பாள் என்றுதான் சொன்னார். அவளுடைய வாசலை இந்த வீட்டு ஆட்கள் மிதிக்கக்கூடாது என்றும் சொன்னார்.

மூன்று வருடம் கழித்து எஞ்சின் சாமான் பெட்டிக்குள் அடியில் கைவிட்டபோது சங்கிலி கையில் தட்டுப்பட்டது. கலியாணத்துக்கு முதல் நாள், வந்துபோகிற சனத்தை நம்பாமல், அவரே கொண்டுபோய் ஒளித்துவைத்தது. ஒளித்த இடத்தை அந்தப் பரபரப்பில் மறந்து, அலுமாரிக்குள் வைத்தேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். அன்று அவர் சங்கிலியைக் கடதாசியில் சுற்றி, நைலோன் நூலால் வலை முடிச்சுப் போட்டுக் கட்டி, அதே பெட்டிக்குள் அதே இடத்தில் வைத்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம். இன்றைக்குச் சொல்வோம், நத்தார்த் திருநாளுக்குச் சொல்வோம் என்று ஐந்து வருடம் போய்விட்டது.

இப்போது பிலோமினாவோடு மகனும் சேர்ந்துவிட்டான். அவருடைய ஒரே வாய் விரட்டியது இரண்டு பேரை.

வியாழக்கிழமை சங்கத்துக்குப் போகிறேன் என்று புறப்பட்டவர், கடற்கரையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். சைக்கிள் இல்லை. பெட்டியைத் திறந்து, பொட்டலத்தை எடுத்துப் பாராமலே சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு நீர்வேலிக்கு பஸ் ஏறினார். வழி நெடுக நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், நெஞ்சு நோகுதோ ஐயா என்று கேட்டார்.

வாழைத் தோட்டத்துக்கு முன்னால் வீடு. மதிலோடு சைக்கிள் சாய்ந்து நின்றது. சீற் வெகுவாக இறங்கி, வெள்ளைக் கோடு உள்ளே போயிருந்தது. விறாந்தையில் ஒரு கட்டில். இடுப்பெலும்பு உடைந்து கிடந்த பிலோமினாவை நிமிர்த்தி இருத்தி, சின்னத்தங்கம் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். படலையில் புருசனைக் கண்டதும் சீப்பு அப்படியே நின்றது.

"வாங்கோ அத்தான்" என்றாள் பிலோமினா. தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த பையை இழுத்து, பூட்டைத் திறந்து, கட்டிலில் தலைகீழாகக் கொட்டினாள். மருந்துக் குளிசை, கண்ணாடி, செபமாலை. "முதல் பாருங்கோ. பாத்திட்டு இருங்கோ."

செபநாயகத்தார் இருக்கவில்லை. பொக்கற்றுக்குள் கையை விட்டார். பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"பிள்ளை, சங்கிலி என்னட்டைத்தான் கிடந்தது. நான்தான் வைச்சு மறந்தனான். பிறகு எடுத்தும் சொல்லேல்லை. உன்னைக் கள்ளியாக்கினது நான்."

அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியும்" என்றாள் சின்னத்தங்கம்.

"என்ன தெரியும்?"

"மூண்டு கிழமைக்கு முன்னம் பெடல் கழண்டு ஆடினது. இறுக்கிறதுக்குப் பதினைஞ்சாம் நம்பர் சாவி தேடி உங்கடை பெட்டியைத் துளாவினனான். முடிச்சைப் பாருங்கோ."

பார்த்தார். அது அவருடைய வலை முடிச்சில்லை. சின்னத்தங்கம் சோற்றுப் பார்சலுக்குப் போடுகிற, ஒரு பக்கம் இழுத்தால் அவிழ்கிற கண்ணி முடிச்சு. சீற்றில் ஒரு விரலைக் கண்டுபிடித்தவர், நாற்பது வருடமாகத் தான் போட்டுவந்த முடிச்சு மாறியிருந்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

"ஏன் கேக்கேல்லை?" என்றார்.

"நான் கேக்கத்தான் நிண்டனான். உவள்தான் விடேல்லை" என்றாள் சின்னத்தங்கம்.

"அத்தான் தானாய் வந்து சொல்லுவார் எண்டு நான் அக்காட்டைச் சொன்னனான்" என்றாள் பிலோமினா, கொட்டிய சாமான்களைத் திரும்பப் பைக்குள் வைத்தபடி. "இவ இல்லையெண்டா. நான் உங்களை நம்பினனான்."

அதைத் தாங்க அவரால் முடியவில்லை. ஏசியிருந்தால், சங்கிலியை முகத்தில் எறிந்திருந்தால், அது தனக்குக் கிடைக்கவேண்டியது என்று வாங்கிக்கொண்டிருப்பார். தன்னை ஒருத்தி நம்பியிருக்கிறாள், அதுவும் இவள் நம்பியிருக்கிறாள். மனிதர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த இளையதம்பி கேட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதார். ஒருவரும் தடுக்கவில்லை.

வெயில் சாயத் திரும்பும்போது சின்னத்தங்கம் சைக்கிளை வீதியில் இறக்கினாள். ஒரு சீப்பு இதரைப் பழம் பையில் இருந்தது.

"நீங்கள் ஓடுறியளோ? சீற்றை உயர்த்தட்டோ?"

"வேண்டாம். நீயே ஓடு. நான் பின்னாலை இருக்கிறன்."

"குருநகர்ச் சனம் பாக்கும்."

"பாக்கட்டும். வீட்டை போகாதை. முதல் ஐஸ் கொம்பனிக்கு விடு, பெடியனிட்டைக் கதைக்கோணும்."

அவள் ஏறிப்பார்த்து, அங்கே சின்னப்பிள்ளைகள் யாரோ இழுத்துவிட்டார்கள் போல, சீற் கொஞ்சம் உயர்ந்து கிடக்கிறது என்றாள். யார் இழுத்தது, எப்போது இழுத்தது என்று அவர் கேட்கவில்லை. குனிந்து பூட்டைத் தளர்த்தி இறக்கினார்.

"காணுமோ?"

"இன்னும் ஒரு விரல்" என்றாள்.

அவர் விரலை வைத்து அளந்து இறக்கி, பூட்டை இறுக்கிவிட்டு, பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி இருந்தார்.